அடியில் இருப்பதுதான் உமி

எங்கள் அட்டை மில்லில் பாய்லர் ஓட்டிய அண்ணனுக்கு இடது கையில் மட்டும்தான் முடி இருந்தது. வலது கை தோள்வரை வழவழவென்று இருக்கும். இருபத்தைந்து வருஷம் உமி லாரிக்குள் விட்டு விட்டு எடுத்த கை அது. உமியை நாம் மெத்தென்ற பொருள் என்று நினைக்கிறோம். தினமும் உரசிப் பாருங்கள், தோலையே சீவிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஏதோ விபத்தில் வெந்த கை என்று பரிதாபப்படுவார்கள். நானும் பரிதாபப்பட்டேன், ஒரு வாரம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய அட்டைப்பெட்டிகளைக் கூழாக்கி, மறுபடி அட்டைச் சுருளாக்குகிற மில் அது. நான் டெஸ்பாட்சில் கிளார்க். கூழ் காய ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு உமி வேண்டும். ஆரணி, பொன்னேரிப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து லாரி லாரியாக வரும். எடைக்குத்தான் காசு என்பதால், வருகிற வழியில் ஏதாவது ஒரு பம்ப்செட்டில் வண்டியை நிறுத்தி, நடுவில் நாலு குடம் தண்ணீரை ஊற்றி, மேலே காய்ந்த உமியைத் தூவிக்கொண்டு வருவது அந்த வியாபாரத்தில் சிலருக்குக் கைவந்த கலை. ஈரம் பார்ப்பதற்கு லேபில் ஒரு மீட்டர் இருந்தது. லேப் குமரன் அதைப் பச்சைக்குழந்தை போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவான். அவன் வந்து சேர்வதற்குள் அண்ணன் லாரி மேல் ஏறி, குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிழிந்து, மோந்து பார்த்து, "பதினெட்டு" என்று சொல்லியிருப்பார். மீட்டர் பதினேழரை காட்டும்.

"பேட்டரி மாத்தி எத்தினி நாளாவுது குமரா?" என்பார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

டிரைவர் தலையைச் சொறிவான். "மேல எல்லாம் நல்லா காஞ்சிதான் கீதுண்ணா."

"மேல இருக்கறது வியாபாரம் நைனா. அடியில இருக்கறதுதான் உமி. வண்டியத் திருப்பு."

ஆந்திர எல்லையில் இருக்கிற ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், அதனால் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு நைனா. பெண்கள் எல்லாரும் தங்கச்சி. அந்த உமி வாசகம் எங்கள் மில்லில் பழமொழியாகவே ஆகிவிட்டது. போனஸ் பற்றி முதலாளி இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனால், பின்னாலிருந்து யாராவது ஒருவர், "அடியில கைய உட்டுப் பாத்தியா?" என்று கேட்பார்கள். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அம்மாகூட அண்ணன் வரிசையில் வந்தால் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கித்தான் ஊற்றுவார்.

இந்த வழக்கம் மில்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரேஷன் கடையில் மூட்டைக்குள் கை, கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற வழியில் இருக்கிற அரிசி அண்டாவுக்குள் கை. "தாலி கட்டறதுக்கு முன்னாலயே என் கையப் புடிச்சி அமுக்கிப் பாத்தாரு. ஈரம் இருக்குதான்னு பாத்தாரோ இன்னாவோ" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தடா பக்கம் போனபோது என்னையும் கூட அழைத்துப் போயிருந்தார்கள். பையன் காலையிலிருந்து வீட்டை விட்டு நகரவில்லை, உங்களுக்காகவேதான் காத்திருக்கிறான் என்றார்கள் அந்த வீட்டுப் பெரியவர்கள். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் பையனுடைய பைக் சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான். "தம்பி, இப்ப எங்க போய்ட்டு வந்தீங்க?" பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசி நேரத்தில் முடி வெட்டிக்கொள்ள ஓடியதை ஒப்புக்கொண்டான். இடம் நின்றுபோயிற்று என்றே நான் நினைத்தேன். "கேட்டதும் உண்மையச் சொல்லிட்டான் பாத்தியா" என்று அண்ணன் அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார். இன்று அவர் அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார். மாப்பிள்ளையும் மாமனாரும் நல்ல கூட்டாளிகள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். நாங்கள் பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பம். அவர் ஏரியிலும், அது கடலில் சேருகிற முகத்துவாரம் தாண்டியும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அண்ணன் எனக்கு அண்ணன் ஆனதால் அவருக்கு மச்சான் ஆகிவிட்டார். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்த கூடையைப் பார்த்து, "இன்னா மாப்ள, எப்படிக் கீது இன்னிக்கு?" என்று கேட்டார். இவர் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "மேல எல்லாம் சின்னதுதான் மச்சான். அடியிலதான் பெருசா கீது" என்றார். அடி என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணனின் கை சாக்குக்கு அடியில் போய்விட்டது. உள்ளே இருந்தது உயிர் நண்டு. குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். விரலில் நண்டு தொங்க, கண்ணில் தண்ணீர் கொட்ட, அப்போதும் மனுஷன், "ஆமா மாப்ள, பெருசுதான்" என்றார். என் வீட்டுக்காரர் பத்து நாள் சிரித்தார்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் நாங்கள் பங்குச் சந்தைக்குள் இறங்கினோம்.

பொங்கல் முடிந்த வாரம். கேன்டீனில் குமரன் போனை நீட்டினான். எங்கள் தொழிற்பேட்டையின் கடைசியில் நீல நிற ஷெட் போட்டிருந்த கம்பெனி பங்கு வெளியிடுகிறதாம். சுற்றுவட்டார ஊர்களின் குப்பையை எரித்து ஆவி எடுத்து, ஆவியில் கரண்ட் எடுக்கிற தொழில்நுட்பம். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போட வேண்டும்.

"மூலப்பொருள் ஓசிண்ணே. குப்பைய எடுக்கறதுக்கு ஊருதான் இவங்களுக்குக் காசு குடுக்கணும். அதை எரிச்சி வித்தா அதுவும் காசு. ரெண்டு பக்கமும் வருமானம்" என்றான் குமரன்.

எலக்ட்ரீஷியன் செல்வம் பெரியபாளையத்துக்காரர். "குப்பைதான் வேணும்னா எங்க ஊர்ல அம்மன் புண்ணியத்துல நாங்க எல்லாருமே கோடீஸ்வரனுங்கப்பா" என்று சிரித்தார். பிறகு யோசித்து, "கரண்ட்ட வாங்கறவன் காச ஒழுங்கா குடுப்பானா?" என்றார்.

"ஓசியில குடுக்கற ஊரு, இவன் சம்பாதிக்கறதப் பாத்துட்டு நாளைக்குக் குப்பைக்கு வெல கேட்டா?" என்றேன் நான்.

மூன்று நாள் இதே பேச்சுதான். குமரன் கம்பெனி அறிக்கையைப் பக்கம் பக்கமாக வாசித்தான். செல்வம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சந்தேகம் கேட்டார். அண்ணன் மட்டும் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, "கைய உட்டுப் பாத்தியா?" என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சின்னக் கம்பெனிப் பங்குகளை ஒன்று இரண்டாக வாங்க முடியாது. மொத்தமாக ஒரு லாட்டாகத்தான் வாங்க வேண்டும், விற்பதும் அப்படியேதான். அவ்வளவு பணம் எங்களில் யாரிடமும் தனியாக இல்லை. நாலு பேரும் சேர்ந்து என் பெயரில் வாங்கலாம் என்று முடிவாயிற்று. பங்கு வாங்கத் தேவையான டீமேட் கணக்கு என்னிடம்தான் இருந்தது. பேங்கில் ஒரு பெண் கெஞ்சிக் கேட்டாள் என்று எப்போதோ திறந்தது.

என் பங்குக்கு என்னிடம் இருந்தது படகு என்ஜினுக்காகச் சேர்த்த பணம். பழைய என்ஜின் இருமிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. புதிது வாங்கக் கொஞ்சம் குறைந்தது. பங்கு ஏறினால் அந்தக் குறை நிரம்பிவிடும் என்பது என் கணக்கு. வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மச்சான் கைய உட்டுப் பாத்தாரா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "உட்டுட்டு வரட்டும். அப்புறம் போடு."

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நாலு பேரும் நீல ஷெட்டுக்குப் போனோம். பொதுமக்கள் பார்க்கலாம் என்று போர்டே வைத்திருந்தார்கள். வெள்ளை ஹெல்மெட் போட்ட மேனேஜர் ஒருவர் எங்களுக்கும் ஹெல்மெட் கொடுத்து, டிவியில் படம் போட்டு, கண்ணாடி ஜாடியில் எரிபொருள் வில்லைகளைக் காட்டினார். அண்ணன் ஜாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "குப்பை எங்க சார்?" என்றார். கிடங்கைக் காட்டினார்கள். அவ்வளவுதான், "சார், சார், கிட்ட போகக் கூடாது" என்று மேனேஜர் கத்தக் கத்த, அண்ணன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு குப்பை மேட்டில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுவிட்டார்.

வெளியே எடுத்த கையில் கோரைப் பாய்த் துண்டு, கரும்புச் சோகை, துடைப்பக் குச்சி. இறுக்கிப் பிடித்தார். அப்பளம் போல நொறுங்கியது. மோந்து பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் கையை விட்டார். பிறகு எழுந்து வந்து எங்களிடம், "உமி கூட இவ்ளோ காஞ்சி நான் பாத்ததில்ல. இது எரியும். நல்லா எரியும். நானும் போடறேன்" என்றார்.

அந்த மனிதர் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே விண்ணப்பம் போட்டோம். பங்கு ஒதுக்குகிற குலுக்கலில் எங்களுக்கு விழுந்தும் விட்டது. முதல் நாளே விலை கொஞ்சம் ஏறியது. எனக்கு அப்போதே விற்றுவிடக் கை பரபரத்தது. அண்ணன்தான் தடுத்தார். "இப்பதான அடுப்பு பத்தியிருக்கு. அதுக்குள்ள சோத்த எறக்குவியா?"

எங்கள் மில் மாடியிலிருந்து பார்த்தால் நீல ஷெட்டின் புகைபோக்கி தெரியும். டீ நேரத்தில் நாலு பேரும் மாடிக்குப் போய் அதைப் பார்ப்பது வழக்கமாயிற்று. அண்ணன் புகையின் நிறத்தைப் பார்த்து, "ஜோரா ஓடுது" என்பார். பங்குச் சந்தையைப் புகைபோக்கியில் பார்த்த முதலீட்டாளர்கள் இந்த நாட்டில் நாங்கள் நாலு பேர்தான் இருந்திருப்போம்.

ஆடி மாதம் வந்தது. பெரியபாளையத்து அம்மன் கோயிலில் ஆடிக்கூட்டம் எப்படி என்று தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. வேப்பிலை உடுத்தி வருகிற ஜனம், பொங்கல் வைத்த மிச்சம், வாழை இலை, கோழி இறகு, இளநீர்க் கூடு. கூடவே சாயங்காலமானால் மழை. ஒரு திங்கட்கிழமை செல்வம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "எங்க ஊரு குப்பை லாரி லாரியா அங்க போவுது. சொட்டச் சொட்டப் போவுது" என்றார். புதன்கிழமை புகைபோக்கியில் வெள்ளையாக ஆவி மட்டும் கிளம்பியது. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. கம்பெனியே ஆலையை நிறுத்திவிட்டதாக அறிக்கை விட்டது. பத்து நாளில் எங்கள் லாட் பாதி விலைக்கு வந்துவிட்டது.

எங்களைக் கலங்கடித்தது விலை இல்லை. அடுத்த நாள் உமி லாரி வந்தபோது அண்ணன் மேலே ஏறவில்லை. கீழே நின்றபடியே, "குமரா, மீட்டர் எடுத்துனு வா" என்றார். குமரன் கொண்டுவந்தான். மீட்டர் காட்டியதை அண்ணன் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் குமரன் என்னிடம் ஓடிவந்து, "அக்கா, எனக்கு பேஜாரா கீது. அண்ணன மறுபடி கைய உடச் சொல்லு" என்றான். அந்த மீட்டருக்காக வருஷக்கணக்கில் அவரோடு சண்டை போட்டவன் அவன்.

கேன்டீனில் நானே கேட்டுவிட்டேன். "இன்னா அண்ணே, கைக்கு இன்னா ஆச்சு?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்: "நாம அந்தக் குப்பையப் பாத்தது எப்ப?"

"பொங்கல் முடிஞ்ச வாரம்."

"அது இன்னா குப்பை தெரியுமா? போகிக் குப்பை. எரிக்காதீங்க, வண்டில போடுங்கன்னு மைக்குல சொல்லிக்கினு போனானே, அந்தக் குப்பை. ஊரே பழைய பாயி, தொடப்பம், தலாணி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுச்சி. நானே என் ஊட்டுப் பாயி ரெண்ட அந்த வண்டில ஏத்தினேன் தங்கச்சி. ஏத்திட்டு, அடுத்த வாரம் போயி அதையே தொட்டுப் பாத்துட்டு, ஆகா, காஞ்சி கீதுன்னு உங்கிட்ட சொல்லியிருக்கேன். வருசத்துக்கும் மேலு அடின்னு ஒண்ணு கீதுல்ல? நான் தொட்டது மேலு. அடி இப்பதான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் போகி கொண்டாடியவர்கள்தானே? நாலு பேரும் வண்டியில் பழையதைப் போட்டவர்கள்தான். ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. இந்த முட்டாள்தனத்தை ஒரு வெளியூர்க்காரன் செய்திருந்தாலாவது மன்னிக்கலாம்.

அதே வாரம் என் வீட்டுக்காரரின் பழைய என்ஜின் முகத்துவாரத்தில் உயிரை விட்டது. அலை புரட்டுகிற இடம் அது. பக்கத்தில் வந்த படகு கயிறு போட்டு இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மறுநாளிலிருந்து அவர் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒருநாள் பாத்துட்டு மீன் கீதுன்னு சொல்றவன நாங்க படகுல ஏத்தமாட்டோம். மச்சான் கடல்ல பொழைக்கமாட்டாரு" என்று கேலிதான் செய்தார். ராத்திரியில் அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆவணிக் கடைசியில் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கு என் பெயருக்கு அழைப்பு வந்தது. வைத்திருப்பதா, விற்பதா என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம் என்று அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் பேர் பார்த்தவர், "இவர் பேர் இல்லியேம்மா" என்றார். "எங்க அண்ணன்" என்றேன். உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது என்று உள்ளே விட்டார்கள். அண்ணன் எனக்குப் பின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கோட்டுப் போட்ட தலைவர் நிறைய இங்கிலீஷ் பேசினார். எல்லாம் தற்காலிகம், அடுத்த காலாண்டில் சரியாகிவிடும் என்றார். கேள்வி உண்டா என்றார். பின்னாலிருந்து என் முதுகில் ஒரு விரல் குத்தியது. "எழுந்திரு. வந்த குப்பைய எத்தினி நாளு பரப்பிப் போடறாங்கன்னு கேளு."

எழுந்தேன். "ஐயா, குப்பை வந்ததும் எத்தனை நாள் பரப்பிப் போடுறீங்க?"

"பரப்பறதே இல்லம்மா. வந்ததும் நேரா கிடங்கு, கிடங்குல இருந்து நேரா அடுப்பு. டிசைன் அப்படி."

பின்னால் அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்டது. "டிசைன் எந்த ஊர்லேந்து வந்ததுன்னு கேளு."

கேட்டேன். ஐரோப்பாவிலிருந்து என்று தலைவர் பெருமையோடு சொன்னார்.

"அந்த ஊர்ல வாழ எலையில சாப்புடறாங்களான்னு கேளு."

"மாட்டேன் அண்ணே, சிரிப்பாங்க" என்று முணுமுணுத்தேன். முதுகில் இரண்டு விரல் குத்தியது. கேட்டுவிட்டேன். கூடம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். வெள்ளை ஹெல்மெட் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார், ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் குமரனும் செல்வமும் காத்திருந்தார்கள். அண்ணன் நேராகச் சொன்னார்: "இவங்க கெட்டவங்க இல்ல. தெரியாதவங்க. கத்துக்குவாங்க, அது எரியும். ஆனா அதுக்கு ஒரு வருசம் ஆவும். மாப்ள ஒரு வருசம் கூலிக்குப் போவ முடியுமா? வித்துடலாம்."

"பாதி டப்பு போயிடும்ணே" என்று பதறினான் குமரன். "அக்கா பங்கு மட்டும் விக்க முடியாது. வித்தா மொத்த லாட்டும் விக்கணும். எனக்கு பைக்கு வாங்கற காசுண்ணே."

"பைக்கு இல்லாட்டி ட்ரெயினு கீது. என்ஜினு இல்லாட்டி முகத்துவாரத்துல இன்னா நைனா கீது?"

செல்வம், "நம்ம பாரத்தையும் இவங்க தலையில ஏத்தி உட்டோம். நாமளே எறக்கி உடுவோம்" என்றார். மூன்று பேரும் எனக்காக நஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு அவமானமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த என்ஜின் வேண்டும். குமரன் என் போனை வாங்கி, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவனே காட்டினான்.

வந்த பணத்துக்குப் புது என்ஜின் கிடைக்கவில்லை. காசிமேட்டில் ஒரு பழையதை நல்லதாகப் பார்த்து வாங்கினோம். தேர்ந்தெடுக்க அண்ணன் வந்தார். மெக்கானிக்கிடம், "மழையில ஓடினதா இது? எந்த மாசத்துல ஓட்டினாங்க?" என்று கேட்டுக் கேட்டு அவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டார்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் மில்லிலிருந்து ரிட்டயர் ஆனார். மாலை போட்டு வேனில் ஏற்றி அனுப்பி ஒரு வாரம் ஆகவில்லை, வெள்ளை ஹெல்மெட் மேனேஜர் எங்கள் டெஸ்பாட்சுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "மேடம், அன்னிக்கு வாழை இலை கேள்வி உங்களோடது இல்ல, எனக்குத் தெரியும். அவர் எங்க?" என்று கேட்டார். நான் அண்ணனின் நம்பரைக் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் மாடியிலிருந்தே பார்த்தோம். நீல ஷெட்டுக்குப் பக்கத்தில் பெரிய கூரை ஒன்று எழும்பியது. வந்த குப்பையை அங்கே பரப்பி, வடியவிட்டு, புரட்டிப் போட்டு, எங்கள் மில்லில் கழிகிற காய்ந்த சக்கையைக் கலந்து, அதற்குப் பிறகுதான் அடுப்புக்கு அனுப்பினார்கள். அண்ணன் கையைத் தோள்வரை விட்டுப் பார்த்து ஆகட்டும் என்று சொல்லாமல் ஒரு கூடை உள்ளே போகாதாம். ஆடி வந்தது. வேப்பிலை வந்தது. புகைபோக்கி ஒருநாள்கூட நிற்கவில்லை.

பங்கு ஏறத் தொடங்கியது. நாங்கள் விற்ற விலையைத் தாண்டியது, வாங்கிய விலையைத் தாண்டியது. பிறகும் நிற்கவில்லை. குமரன் தினமும் கேன்டீனில் விலையைப் படிப்பான். படித்துவிட்டுச் சோற்றைத் தள்ளிவைப்பான். ஒருநாள் தாங்க முடியாமல், வாங்க அக்கா, அவரையே போய்க் கேட்போம் என்று என்னை நீல ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

கேட்டுக்கு வெளியே வந்த அண்ணனிடம் குமரன் போனைக் காட்டினான். நாங்கள் போட்டது போல இரண்டு மடங்கு. அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "எரியும்னு சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்க அண்ணே. உங்க கையால ஏறின பங்கு. உங்ககிட்ட ஒண்ணு இல்ல, எங்ககிட்ட ஒண்ணு இல்ல. என்னாலதான எல்லாருக்கும் இவ்ளோ நஷ்டம்?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"மாப்ள இன்னிக்குத் தொழிலுக்குப் போயிருக்காரா?"

"போயிருக்காரு."

"யாரு படகுல?"

"எங்க படகுலதான்."

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடுவாரில்ல?"

"வந்துடுவாரு."

"அப்புறம் இன்னா நஷ்டம் நஷ்டம்னு சொல்லிக்கினு கீற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குமரன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.